காக்கும் படையே கணையத்தைத் தாக்கும்போது: எல்லைக் கிராமங்கள் அறிய வேண்டிய முதல் வகை நீரிழிவு

நெய்யாற்றின்கரை, நவ.14: உலக நீரிழிவு நாள் இன்று கடைப்பிடிக்கப்படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2023-ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, கேரளத்தில் 20 வயதைக் கடந்தோரில் சுமார் 25.5 சதவீதத்தினருக்கு நீரிழிவு உள்ளது. நாட்டிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் இதுவும் ஒன்று. இதனால் மாநிலத்தின் தென்கோடியில் உள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களிலும் சர்க்கரை நோய் என்பது வீட்டுக்கு வீடு பழகிப்போன சொல்லாகிவிட்டது. அந்தப் பழக்கமே ஓர் ஆபத்தையும் மறைத்து வைத்திருக்கிறது. சர்க்கரை நோய் என்றால் அது வயதானவர்களுக்கு, உடல் பருத்தவர்களுக்கு வருவது என்ற எண்ணம் வேரூன்றியுள்ள இடத்தில், ஒல்லியான 8 வயதுச் சிறுமிக்கும் அது வரக்கூடும் என்பது எளிதில் நினைவுக்கு வருவதில்லை.

குழந்தைகளையும் இளையோரையும் பெரும்பாலும் தாக்கும் முதல் வகை நீரிழிவு, உணவாலோ உடல் உழைப்பின்மையாலோ வருவதன்று. கிருமிகளிடமிருந்து உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் செல்களைப் பகையாகக் கருதி அழிப்பதால் வரும் தன்னெதிர்ப்பு நோய் அது. உரிய நேரத்தில் கண்டறிந்தால் அக்குழந்தை மற்றவர்களைப் போலவே வளர்ந்து, படித்து, நெடுநாள் வாழ முடியும். சில நாள்கள் தவறினால் உயிரே பறிபோகலாம். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, 20 வயதுக்கு உட்பட்ட முதல் வகை நீரிழிவு நோயாளிகள் உலகிலேயே அதிகமாக வாழும் நாடு இந்தியா. அவர்களின் எண்ணிக்கை சுமார் 2.29 லட்சம்.

ஒரே பெயர், வெவ்வேறு நோய்கள்

ரத்தத்தில் சர்க்கரையின் அளவு கூடுவது நீரிழிவு நோய்கள் அனைத்துக்கும் பொதுவானது. ஆனால் அது கூடுவதற்கான காரணம் வேறுபடுகிறது. பெரும்பாலோருக்கு வரும் இரண்டாம் வகையில் இன்சுலின் சுரக்கிறது. ஆனால் தசை, கல்லீரல் போன்ற உறுப்புகள் அதற்குச் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. முதல் வகையிலோ இன்சுலினே இல்லாமல் போகிறது. மாத்திரைகள் இரண்டாம் வகைக்குப் பல ஆண்டுகள் கைகொடுக்கும். முதல் வகைக்கு இன்சுலின் ஊசியைத் தவிர வேறு வழியில்லை.

இவ்வேறுபாட்டின் சாயலை இந்திய மருத்துவம் முன்பே கண்டிருந்தது. உடன்பிறந்து வரும் மெலிந்த நோயாளியின் நீரிழிவையும், தவறான உணவுப் பழக்கத்தால் வரும் பருத்த நோயாளியின் நீரிழிவையும் சுசுருத சம்ஹிதை பிரித்துக் கூறுகிறது. நவீன மருத்துவத்தில் 1936-இல் பிரிட்டன் மருத்துவர் ஹரோல்டு ஹிம்ஸ்வொர்த், இன்சுலினுக்கு உடல் இணங்கும் வகை, இணங்காத வகை என இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஆனால் முதல் வகையில் இன்சுலின் ஏன் மறைகிறது என்ற கேள்விக்கு மேலும் 30 ஆண்டுகளுக்கும் மேலாக விடை கிடைக்கவில்லை.

மரச்சீனி நாட்டின் மூன்றாவது நோய்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துக்கும், எல்லைக்கு அப்பால் உள்ள களியக்காவிளை, விளவங்கோடு பகுதிகளுக்கும் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு, கல்குளம் உள்ளிட்ட தென் திருவிதாங்கூர் வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நீடித்தது. மாநிலம் பிரிந்தாலும் உணவும் உறவும் பிரியவில்லை. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் பரவலாக்கிய மரச்சீனிக் கிழங்கு, எல்லையின் இரு பக்கமும் ஏழைகளின் பசியைத் தீர்த்தது.

இந்தப் பகுதி உள்ளிட்ட கேரளம் முழுவதும், 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஒல்லியான இளைஞர்களிடம் வேறொரு நீரிழிவு பரவலாகக் காணப்பட்டது. சிறு வயதில் அடிக்கடி கடும் வயிற்றுவலி, பின்னர் கணையத்தில் கற்கள், அதன் பின் நீரிழிவு என்பது அதன் போக்கு. 1959-இல் இந்தோனேசியாவிலிருந்தும் இதுபோன்ற நோயாளிகள் குறித்த அறிக்கை வெளியானது. கேரள மருத்துவர் பி.ஜே.கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளை ஆராய்ந்து, 1968-இல் கணைய நீரிழிவு குறித்துத் தனி நூலே வெளியிட்டார். மரச்சீனியில் உள்ள சயனைடு தரும் வேதிப்பொருளும் ஊட்டச்சத்துக் குறைவும் சேர்ந்து கணையத்தைச் சிதைக்கின்றன என்ற கருத்து அக்காலத்தில் வலுவாக முன்வைக்கப்பட்டது. ஆனால் அது உறுதிப்படவில்லை. மரச்சீனி உண்ணாத பகுதிகளிலும் இந்நோய் காணப்பட்டது. பின்னர், கணையத்தை அதன் சொந்தச் செரிமான நொதிகளிடமிருந்து காக்கும் ஒரு மரபணுவில் ஏற்படும் மாற்றம் இந்நோயாளிகள் பலரிடம் உள்ளது கண்டறியப்பட்டது.

இது தன்னெதிர்ப்பு நோயன்று. நோய் எதிர்ப்பு மண்டலம் இன்சுலின் செல்களை மட்டும் குறிவைத்து அழிப்பதில்லை. கணையம் முழுவதுமே கல்லாலும் தழும்பாலும் பழுதடைகிறது. எனவே ஒல்லியான இளம் நோயாளி ஒருவர் வரும்போது, அவரைத் தாக்கியது எந்த நோய் என்று பிரித்தறிவது இங்கு மற்ற இடங்களைவிட முக்கியமாகிறது. வயிற்று எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் கணையக் கற்களைக் காட்டிவிடும். ரத்தத்தில் தன்னெதிர்ப்புப் புரதங்கள் இருப்பின் அது முதல் வகைக்குச் சான்று. உடல் இன்னும் எவ்வளவு இன்சுலினைச் சுரக்கிறது என்பதை சி-பெப்டைடு பரிசோதனை கூறும்.

ஊட்டச்சத்துக் குறைவால் வரும் இளவயது நீரிழிவுக்கு, 2025 ஏப்ரலில் பாங்காக்கில் நடந்த உலக மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு ஐந்தாம் வகை என்ற தனிப் பெயரை அளித்தது. ஒல்லியான நோயாளிகள் அனைவரையும் முதல் வகை என ஒரே கூடையில் போடக்கூடாது என்பதே இதன் சாரம். மறுபுறம், ஐயமுள்ள குழந்தைக்கு இந்தப் பரிசோதனைகளின் முடிவு வரும்வரை இன்சுலினைத் தள்ளிப்போடக் கூடாது என்பதும் அதே அளவு முக்கியம்.

தாக்குதல் எவ்வாறு நிகழ்கிறது?

வயிற்றின் பின்புறம் அமைந்துள்ள கணையத்தில், கடலில் தீவுகள்போல் சுமார் 10 லட்சம் நுண்திட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. 1869-இல் ஜெர்மன் மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ் தம் ஆய்வில் இவற்றை முதலில் விவரித்ததால் இவை அவர் பெயரால் அழைக்கப்படுகின்றன. இத்திட்டுகளில் உள்ள பீட்டா செல்களே உடலில் இன்சுலினைச் சுரப்பவை.

நோய் எதிர்ப்பு மண்டலத்தின் முக்கிய வீரர்கள் டி செல்கள். இவை எலும்பு மஜ்ஜையில் தோன்றி, நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெறுகின்றன. உடலின் பல்வேறு பகுதிகளுக்குரிய புரதங்கள், இன்சுலின் உட்பட, அங்கே சிறிதளவு உற்பத்தி செய்யப்பட்டு அவற்றின் முன் வைக்கப்படுகின்றன. சொந்தப் புரதத்தைப் பார்த்துப் பாயும் செல்கள் அங்கேயே அழிக்கப்படுகின்றன. இச்சல்லடையிலிருந்து தப்பி வெளியேறும் சிலவற்றை, ஒழுங்குபடுத்தும் டி செல்கள் எனப்படும் மற்றொரு பிரிவு ரத்தத்திலும் திசுக்களிலும் அடக்கி வைக்கிறது.

இந்தக் காவலர்களைக் காக்கும் காவலர்களைக் கண்டறிந்ததற்காகவே 2025-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு, அமெரிக்காவின் மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல், ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி ஆகியோருக்கு அறிவிக்கப்பட்டது. ஒழுங்குபடுத்தும் டி செல்களை இயக்கும் மரபணு பிறவியிலேயே பழுதுபட்ட ஆண் குழந்தைகளுக்கு, பிறந்த சில வாரங்களிலேயே தன்னெதிர்ப்பு நீரிழிவு வருவதுண்டு. கட்டுப்பாடு தளர்ந்தால் கணையம் எவ்வளவு விரைவில் இலக்காகிறது என்பதற்கு இதுவே சான்று.

முதல் வகை நீரிழிவில், கொல்லும் ஆற்றல் கொண்ட டி செல்கள் திட்டுகளுக்குள் நுழைந்து பீட்டா செல்களை ஒவ்வொன்றாக அழிக்கின்றன. உதவி டி செல்கள் அவற்றைத் தூண்டுகின்றன. அதே வேளையில் பி செல்கள், இன்சுலின் உள்ளிட்ட கணையப் புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிகளை உற்பத்தி செய்கின்றன. பரிசோதனையில் அகப்படுபவை இந்த ஆன்டிபாடிகளே. எனினும் பீட்டா செல்களைக் கொல்லும் முதன்மைக் கருவி அவை அல்ல. நோயுள்ள தாயின் ரத்தத்திலிருந்து கருவிலுள்ள குழந்தைக்கு இந்த ஆன்டிபாடிகள் சென்றாலும், அதனால் மட்டும் அக்குழந்தைக்கு நீரிழிவு வருவதில்லை. ஆன்டிபாடிகளையே உற்பத்தி செய்ய இயலாத பிறவிக் குறைபாடு உள்ள ஒருவருக்கு முதல் வகை நீரிழிவு வந்ததும் மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. ஆன்டிபாடி என்பது புகை. நெருப்பு டி செல்களிடம் இருக்கிறது.

விடை கிடைத்த வரலாறு

நீரிழிவு வந்து சில காலத்திலேயே இறந்தவர்களின் கணையங்களை ஆராய்ந்த பெல்ஜியம் நாட்டு மருத்துவர் வில்லி கெப்ட்ஸ், பெரும்பாலானோரின் திட்டுகளைச் சுற்றி வெள்ளை அணுக்கள் மொய்த்திருந்ததை 1965-இல் வெளியிட்டார். தாக்கியவர்கள் சம்பவ இடத்திலேயே பிடிபட்டது போன்றது இது. 1974-இல் லண்டனில் ஜியான் பிராங்கோ பொட்டாஸோ குழுவினர், நோயாளிகளின் ரத்தத்தில் கணையத் திட்டுகளுக்கு எதிரான ஆன்டிபாடிகளைக் கண்டறிந்தனர். அதே காலகட்டத்தில், நோய் எதிர்ப்பு மண்டலத்தின் அடையாள அட்டைகள் எனத்தக்க எச்.எல்.ஏ. மரபணுக்களுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு என்பது வெளிப்பட்டது. இம்மூன்றும் சேர்ந்தே முதல் வகை நீரிழிவைத் தன்னெதிர்ப்பு நோய்களின் வரிசையில் நிறுத்தின.

பின்னர் மற்றொரு திசையிலிருந்தும் உறுதி கிடைத்தது. புற்றுநோயை எதிர்க்க டி செல்களின் தடைகளை நீக்கும் புதிய மருந்துகளைப் பெறுவோரில் ஒரு சிலருக்கு, திடீரென இன்சுலின் இல்லா நீரிழிவு தோன்றுகிறது. தடையை நீக்கினால் புற்றுநோய் மட்டுமின்றி, சில வேளைகளில் கணையமும் தாக்கப்படுகிறது.

ஏன் சிலருக்கு மட்டும்?

மரபணு வழியான நாட்டம் உண்டு. ஆனால் அது விதியன்று. பொதுவாகக் குழந்தைகளில் 1 சதவீதத்துக்கும் குறைவானோருக்கே வரும் இந்நோய், தாய்க்கு இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு சுமார் 3 சதவீதமாகவும், தந்தைக்கு இருந்தால் சுமார் 6 சதவீதமாகவும் உயர்கிறது. இருந்தும் புதிதாக நோய்க்கு ஆளாகும் குழந்தைகளில் பெரும்பாலோரின் குடும்பத்தில் முன்பு எவருக்கும் இந்நோய் இருந்ததில்லை. ஒரே மரபணுக்களைக் கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போவதும் உண்டு.

எனவே சூழலுக்கும் பங்கு இருக்கிறது. குடலைத் தாக்கும் என்டெரோ வைரஸ்கள், குறிப்பாக காக்சாக்கி வகைக் கிருமிகள், தூண்டுகோலாக இருக்கலாம் என்பதற்குப் பல சான்றுகள் கிடைத்துள்ளன. உலகிலேயே அதிக விகிதத்தில் இந்நோய் காணப்படும் பின்லாந்தில் இதுபற்றி நெடுநாளாக ஆய்வு நடக்கிறது. இனிப்பு அதிகம் சாப்பிட்டதால் வந்தது, தாயின் கவனக்குறைவால் வந்தது, தடுப்பூசியால் வந்தது என்ற பேச்சுகளுக்கு அடிப்படை இல்லை. இது தொற்றும் நோயும் அன்று.

மூன்று கட்டங்கள்

நோய் ஒரே நாளில் வருவதாகத் தோன்றினாலும், அழிவு பல மாதங்கள் அல்லது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்கும். இன்சுலின், ஜி.ஏ.டி., ஐ.ஏ.2, துத்தநாகக் கடத்தி ஆகிய கணையப் புரதங்களுள் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவற்றுக்கு எதிரான ஆன்டிபாடிகள் இருந்து, சர்க்கரை இயல்பாக இருந்தால் அது முதல் கட்டம். சர்க்கரை சற்றே தடுமாறத் தொடங்குவது இரண்டாம் கட்டம். தாகம், மெலிவு போன்ற அறிகுறிகளுடன் நோய் வெளிப்படுவது மூன்றாம் கட்டம். இரண்டு வகை ஆன்டிபாடிகள் தோன்றிய குழந்தைகளில் சுமார் 70 சதவீதத்தினருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் நோய் வெளிப்பட்டதாக 2013-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டுகிறது.

வளர்ந்தோரிடமும் இதே தாக்குதல் மெல்ல நடப்பதுண்டு. 35 அல்லது 40 வயதில் இரண்டாம் வகை எனக் கருதி மாத்திரை தொடங்கப்பட்டவர், ஒல்லியாக இருந்து, மாத்திரைகள் விரைவில் பலனிழந்தால், ஆன்டிபாடி பரிசோதனை குறித்து மருத்துவரிடம் கேட்பது நல்லது.

தவறவிடக்கூடாத அறிகுறிகள்

அளவுக்கு மீறிய தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், படுக்கையை நனைப்பதை நிறுத்தியிருந்த குழந்தை மீண்டும் நனைத்தல், நன்றாகச் சாப்பிட்டும் உடல் மெலிதல், சோர்வு ஆகிய ஐந்தும் முதல் எச்சரிக்கைகள். குழந்தை கழித்த சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைத் தாய்மார்கள் முதலில் கவனிப்பதும் உண்டு.

இவை கவனிக்கப்படாவிட்டால் உடல், சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. அதன் கழிவான கீட்டோன் அமிலங்கள் ரத்தத்தில் தேங்குகின்றன. வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்து வேகமாக மூச்சு வாங்குதல், மூச்சில் பழ வாடை, மயக்கம் என நிலைமை மோசமாகிறது. இந்தக் கட்டத்தில்தான் தவறுகள் நேர்கின்றன. வயிற்றுவலி குடல்வால் அழற்சியாகவும், வாந்தி அஜீரணமாகவும், மூச்சுத் திணறல் ஆஸ்துமாவாகவும் கருதப்படும் வாய்ப்பு அதிகம். உடலில் நீர் வற்றியிருக்கும் குழந்தை வழக்கத்துக்கு மாறாக அதிகமாகச் சிறுநீர் கழிக்கிறது என்றால், அந்த ஒரு முரண்பாடே நீரிழிவை நினைவூட்ட வேண்டும்.

விரல் நுனியிலிருந்து ஒரு துளி ரத்தம் எடுத்து குளுக்கோமீட்டரில் பார்த்தால் சில நொடிகளில் விடை தெரிந்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சிறிய கிளினிக்குகளிலும் இக்கருவி உள்ளது. மேற்சொன்ன அறிகுறிகளுடன், எந்த நேரத்தில் பார்த்தாலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அது நீரிழிவே. காலையில் வெறும் வயிற்றில் மீண்டும் பார்க்கலாம் என்று குழந்தையை வீட்டுக்கு அனுப்புவது ஆபத்தானது; அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். எல்லையின் இரு பக்கமும் 108 ஆம்புலன்ஸ் சேவை உண்டு.

இன்சுலின்: உயிர் காக்கும் நூறாண்டு

1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பிரெடரிக் பான்டிங், சார்லஸ் பெஸ்ட் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் 14 வயது சிறுவன் லியோனார்டு தாம்சன் அதை முதலில் பெற்றான். அதற்கு முன் முதல் வகை நீரிழிவு என்பது சில மாதங்களில் அல்லது ஓரிரு ஆண்டுகளில் மரணம் என்பதாகவே இருந்தது. கண்டுபிடிப்பாளர்கள் அதன் காப்புரிமையைத் தலா ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் விட்டுக்கொடுத்தனர். பான்டிங் பிறந்த நாளான நவம்பர் 14-தான் உலக நீரிழிவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் பல குழந்தைகளுக்கு இன்சுலின் தேவை வெகுவாகக் குறையும். எஞ்சியிருக்கும் பீட்டா செல்கள் சிறிது காலம் மூச்சுவிட்டு எழுவதே இதற்குக் காரணம். மருத்துவர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்பர். குடும்பத்தினர் பலர் நோய் குணமாகிவிட்டது என்று நம்பி ஊசியை நிறுத்துவதும், மூலிகை மருந்தை நாடுவதும் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். நோய் எதிர்ப்பு மண்டலத்தின் தாக்குதல் அப்போதும் நின்றிருக்காது. எந்தச் சூழலிலும், காய்ச்சலிலும் வாந்தியிலும்கூட, இன்சுலினை முழுமையாக நிறுத்தக் கூடாது. அளவை மட்டும் மருத்துவர் ஆலோசனைப்படி மாற்றலாம்.

இன்சுலின் மிகுந்தால் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கி நடுக்கம், வியர்வை, குழப்பம் வரும். உடனே மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் பரிசோதிக்க வேண்டும். நினைவிழந்த குழந்தைக்கு வாய்வழி எதையும் கொடுக்கக் கூடாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், ஈரமணலில் வைத்த மண்பானைக்குள் இன்சுலின் குப்பியைப் பாதுகாக்கலாம். ஆனால் உறையவைக்கக் கூடாது.

தன்னெதிர்ப்பு நாட்டம் உள்ளோருக்குத் தைராய்டு சுரப்பியும் தாக்கப்படுவதுண்டு; கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயும் வரலாம். எனவே இவற்றுக்கான பரிசோதனைகள் அவ்வப்போது செய்யப்படுகின்றன.

தாக்குபவரைத் திருத்தும் சிகிச்சைகள்

இன்சுலின், இழந்ததை ஈடுகட்டுகிறது. இழப்பின் காரணத்தைத் தொடுவதில்லை. நோய் எதிர்ப்பு மண்டலத்தையே நெறிப்படுத்தும் முயற்சி 1980-களில் தொடங்கியது. உறுப்பு மாற்றத்தில் பயன்படும் சைக்ளோஸ்போரின் மருந்தை, புதிதாக நோய்க்கு ஆளானோருக்கு பிரான்ஸ், கனடா மருத்துவர்கள் கொடுத்தனர். சிலருக்கு இன்சுலின் தேவையே சில காலம் நீங்கியது. மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பியது. சிறுநீரகத்துக்கும் தீங்கு நேர்ந்தது. அந்த வழி கைவிடப்பட்டாலும், தாக்குதலைத் தடுத்தால் பீட்டா செல்கள் பிழைக்கும் என்பது அப்போது மெய்ப்பிக்கப்பட்டது.

நோயைத் தடுக்கும் நம்பிக்கையில் இன்சுலினையே வாய்வழியும் ஊசிவழியும் முன்கூட்டிக் கொடுத்த ஆய்வுகள் பலனளிக்கவில்லை. திருப்புமுனை டெப்லிசுமாப் என்ற மருந்தில் வந்தது. டி செல்களின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதத்தைப் பற்றிக்கொண்டு அவற்றின் வேகத்தைத் தணிக்கும் இம்மருந்து, 14 நாள்கள் தொடர்ந்து நரம்புவழி செலுத்தப்படுகிறது. நோயாளிகளின் உறவினர்களுள் இரண்டாம் கட்டத்தில் இருந்த 76 பேரிடம் நடந்த ஆய்வில், நோய் வெளிப்படுவது சராசரியாக இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போனது 2019-இல் தெரியவந்தது. 2022 நவம்பர் 17-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 8 வயதைக் கடந்தோருக்கு இதை அனுமதித்தது. நோயின் வருகையையே தாமதப்படுத்தும் முதல் மருந்து இது. மூட்டழற்சிக்குப் பயன்படும் பாரிசிடினிப் மாத்திரை, புதிய நோயாளிகளின் எஞ்சிய இன்சுலின் சுரப்பைக் காப்பதாக ஆஸ்திரேலிய ஆய்வு 2023-இல் காட்டியது.

அழிந்த செல்களை மீண்டும் நிரப்புவது மற்றொரு வழி. 2000-ஆம் ஆண்டு கனடாவின் எட்மன்டன் நகரில், இறந்தோரின் கணையத்திலிருந்து பிரித்த திட்டுகளைப் பெற்ற 7 பேர் இன்சுலினிலிருந்து விடுபட்டனர். ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த திட்டுகளை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டுக்குப் பின் இன்சுலின் தேவைப்படவில்லை என 2025-இல் வெளியான முடிவு தெரிவிக்கிறது. ஆனால் இவர்கள் அனைவரும் எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும்; தொற்று அபாயம் கூடும். இதைத் தவிர்க்க, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படாதவாறு மரபணு திருத்திய திட்டுகளை சுவீடனின் உப்சாலாவில் ஒரு நோயாளிக்குச் செலுத்தினர். ஒடுக்கு மருந்து ஏதுமின்றி அவை இன்சுலின் சுரந்தன. அளவு சிறிதாயினும், திசை தெளிவாகியிருக்கிறது.

உதவி எங்கே கிடைக்கும்?

புதிய மருந்துகள் எல்லைக் கிராமத்துக் குழந்தைக்கு எட்டும்வரை, அதன் உயிர் இன்சுலின், குளுக்கோமீட்டர், பயிற்சி பெற்ற பெற்றோர் ஆகிய மூன்றையே சார்ந்துள்ளது. கேரள சமூகப் பாதுகாப்பு இயக்கம் நடத்தும் மிட்டாயி திட்டம், முதல் வகை நீரிழிவு உள்ள சிறுவர்களுக்கு இன்சுலின் பேனா, தொடர் சர்க்கரை கண்காணிப்புக் கருவி, தேவைப்படுவோருக்கு இன்சுலின் பம்ப், ஆலோசனை ஆகியவற்றை வழங்குகிறது. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள எஸ்.ஏ.டி. மருத்துவமனை குழந்தைகளுக்கான உயர் சிகிச்சையை அளிக்கிறது. பாறசாலை தாலுகா மருத்துவமனை, நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனை, காரக்கோணத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவை அருகில் உள்ளன. எல்லைக்கு அப்பால் வசிப்போருக்குக் குழித்துறை அரசு மருத்துவமனையும், ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. மாநில அரசுகளின் திட்டங்கள் இருப்பிடச் சான்றைப் பொறுத்தவை. அவசர சிகிச்சைக்கு எல்லை பார்க்கத் தேவையில்லை. மயங்கிய குழந்தைக்கு மிக அருகில் உள்ள மருத்துவமனையே சரியான மருத்துவமனை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முதல் வகை நீரிழிவுக்கான வழிகாட்டு நெறிகளை 2022 ஜூனில் வெளியிட்டது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், இந்நோயுள்ள மாணவர்கள் தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், சிற்றுண்டி, தண்ணீர் ஆகியவற்றை எடுத்துச் செல்ல 2017-இலேயே அனுமதித்தது. வகுப்பறையில் தண்ணீர் குடிக்கவும் கழிவறைக்குச் செல்லவும் அடிக்கடி அனுமதி கேட்கும் மாணவரைக் கடிந்துகொள்வதற்கு முன், பெற்றோரிடம் ஒரு சொல் சொல்லும் ஆசிரியர் ஓர் உயிரைக் காப்பவராக அமையலாம்.

வீட்டில் மலையாளமும் தமிழும் கலந்து பேசும் இப்பகுதியில், பிரமேகம் என்றாலும் சர்க்கரை நோய் என்றாலும் நீரிழிவு என்றாலும் பொருள் ஒன்றே. அது குழந்தைகளுக்கும் வரும் என்பதும், காரணம் இனிப்பன்று, தடம் மாறிய நோய் எதிர்ப்பு மண்டலமே என்பதும், இன்சுலின் ஒரு நாளும் தவறக்கூடாது என்பதும் எந்த மொழியில் சொல்லப்பட்டாலும் எல்லா வீடுகளையும் சென்றடைய வேண்டிய செய்திகள்.